கீல்களுக்கு யாரும் சொல்லவில்லை

நான்கே போல்ட்டுகள்.
மூன்றைத் தனியாகக் கழற்றிவிட்டேன்.
நான்காவதில் ஸ்பானரை வைத்தால்
பானட் ஒருக்களித்துச் சரிந்து
முன்கண்ணாடியைப் பிளக்கும்.
ரைமோவைக் கூப்பிட வேண்டியதாயிற்று.

விவாகரத்துப் பத்திரத்தில்
வோல்வோ எனக்கு, படகு அவனுக்கு.
எதைத் தூக்க எத்தனை பேர் வேண்டும் என்று
அதில் ஒரு வரியும் இல்லை.

வந்தான். வாசலில் காலணிப் பனியைத் தட்டினான்.
வெளியே மைனஸ் இருபத்தொன்று.
"காப்பி?"
"அப்புறம்."
கௌஹாவாவில் இது நீண்ட உரையாடல்.

சுவரில் சாய்ந்திருந்த புதியதைப் பார்த்தான்.
கறுப்பு ஃபைபர், ரீகாவிலிருந்து வந்தது.
இரண்டு விரலால் தூக்கி
இரண்டு விரலாலேயே கீழே வைத்தான்.
பழையது பதினெட்டுக் கிலோ, இது ஐந்தரை என்றேன்.
"மீதி எங்கிருந்து போகிறது?"
"மூக்கிலிருந்து.
பனிக்கட்டி வளைவில் வண்டி என் பேச்சைக் கேட்காமல்
நேரே போகிறது."
அவன் கேட்டது அதைத்தானா என்று
இன்னும் எனக்குத் தெரியாது.

ஒன்று, இரண்டு என்று எண்ணுவான்;
மூன்று வருமுன் தூக்கிவிடுவான்.
இரண்டிலேயே தயாராக நின்றேன்.
பக்கவாட்டில் நடந்தோம், நண்டுகள் போல,
அந்தச் சிவப்புத் தகரத்தை நடுவில் ஏந்தி.
காட்டுமான் மோதிய பள்ளம் என் பக்கம் இருந்தது.
அடிப்பக்கப் பஞ்சில் ஓர் எலி
குடித்தனம் நடத்திப் போயிருந்தது:
காய்ந்த புல், நூல்,
ஏதோ கோடையின் பார்க்கிங் சீட்டில்
நீலமாய் ஒரு துணுக்கு.
எந்த ஊர் என்று படிக்க முடியவில்லை.
இருவரும் படிக்கப் பார்த்தோம்.

நான் செயற்கைப் பல் செய்கிறவள்.
பிசின் வாசனை எனக்குச் சோற்றுக் கை போல.
புதிய பானட்டின் உள்பக்கத்தைத் தடவி,
இங்கே ஒரு குமிழி, அங்கே முரண்டு பிடித்த ஒரு நார்,
இதை யாரோ வெள்ளிக்கிழமை மாலை
அவசரத்தில் வார்த்திருக்கிறார்கள் என்றேன்.
அவன் தலையாட்டினான், எதற்கும் ஆட்டுகிற மாதிரி.

தனியாகவே பொருத்தினேன்.
அழுத்தி மூடிக் கையை எடுத்ததும்
விருட்டென்று எழுந்து நின்றது.
மறுபடி மூடினேன், மறுபடி எழுந்தது.
கீல்களின் ஸ்பிரிங்குகளுக்கு யாரும் சொல்லவில்லை.
முப்பது வருடம் பதினெட்டுக் கிலோவை ஏந்தியவை
அதே விசுவாசத்தோடு ஐந்தரையைத் தள்ளின;
மெல்லிய தகடு நடுவே வில்லாய் வளைந்தது.
முதலில் சிரித்தது அவன்.
பிறகு நான், ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டு.

ஸ்பிரிங்குகளைக் கழற்றி ஜாம் டப்பாவில் போட்டோம்.
இனி ஒரு குச்சியை முட்டுக்கொடுத்தால் போதும்.

அடுத்து, முன்முனையில் இரண்டு துளை, இரண்டு ஊசிப்பூட்டு.
லேசானது காற்றுக்கு வாய் பிளக்கும்,
வேகத்தில் எழும்பிக் கண்ணை மறைக்கும்.
நானூற்று நாற்பது யூரோவில் ஓட்டை போட
ரைமோவின் கை நடுங்கியது.
டிரில்லை வாங்கிக்கொண்டேன்.

காப்பி குடிக்காமலேதான் போனான்.
போகுமுன் பழைய பானட்டைக் கவிழ்த்து
கீல் இருந்த துளைகளில் கயிறு கட்டி
பக்கத்து வீட்டு ஓட்சோவிடமும் அவன் தங்கையிடமும்
இழுத்துவிட்டான்.
இருட்டும்வரை பனிமேட்டில்
மான் மோதிய இரும்பு சறுக்கிக்கொண்டிருந்தது.
ஒருவர் ஏறினால் சுற்றுகிறதாம்.
நான் பார்க்கவில்லை, சத்தம் மட்டும் கேட்டேன்.

ஞாயிறன்று ஏரிப் பந்தயத்தில்
ஒன்பது பேரில் ஏழாவது.
போன வருடமும் ஏழு.

இப்போதும் எண்ணெய் பார்க்க பானட்டைத் திறக்கும்போது
காலை அகட்டி, மூச்சைப் பிடித்து,
தோளைக் கொடுத்துத் தூக்குகிறேன்.
அது எங்கோ மேலே போய்விடுகிறது.
நான் ஓரடி முன்னால் தடுமாறுகிறேன்.